மண்ணில்லாத பட்டணம்

வாருங்கள், ஒரு வெளியூர்ப் பிரயாணம் போய் வரலாம். டிக்கெட் எடுக்க வேண்டாம். பாஸ்போர்ட் வேண்டாம். வழிக்குப் புளியோதரையும் தயிர்சாதமும் கட்ட வேண்டாம். பால்காரரிடம், "நாலு நாளைக்குப் பால் வேண்டாமப்பா" என்று சொல்லி வைக்கவும் அவசியமில்லை. அடுப்பிலே குக்கரை ஏற்றிவிட்டுக் கிளம்பினால், சாதம் வேகிற நேரத்துக்குள் ஊர் போய்ச் சேர்ந்துவிடலாம்.

அந்த ஊருக்குப் பெயர் டிசென்ட்ராலேண்ட். தேசப்படத்தை வைத்துக்கொண்டு தேடாதீர்கள், அகப்படாது. கம்ப்யூட்டர் திரைக்குள்ளேயே கட்டி எழுப்பிய பட்டணம் அது. விளையாட்டு உலகம் என்று சொல்கிறார்கள். "விளையாட்டுத்தானே!" என்று அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. அங்கே நிஜமான பணத்தைக் கொடுத்து மனை வாங்கியிருக்கிறார்கள், கடை திறந்திருக்கிறார்கள், துணிமணி செய்து விற்றிருக்கிறார்கள், இடத்தைக் குடக்கூலிக்கு விட்டிருக்கிறார்கள், கையைச் சுட்டுக்கொண்டும் இருக்கிறார்கள். இத்தனைக்கும் அந்த ஊரில் ஒரு பிடி மண் கிடையாது!

அங்கே வியாபாரம் செய்தவர்களில் யார் கையில் நாலு காசு நின்றது, யார் கையை விட்டுப் போயிற்று என்று பார்த்துவிட்டு வருவதுதான் நம் யாத்திரையின் உத்தேசம். வேடிக்கை பார்ப்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. இப்படிப்பட்ட ஊர்களில் மனை விற்கிற விளம்பரம் செல்போன் வழியாக நம் வீட்டுக் கூடத்துக்கே வந்துவிடுகிறது. வீட்டுச் சேமிப்பைக் கட்டிக் காக்கிறவர்கள் நீங்கள். தெரிந்து வைத்துக்கொள்வது நல்லதல்லவா?

ஊர் பிறந்த கதை

இந்தப் பட்டணத்துக்குக் கால் நட்டவர்கள் அர்ஜென்டினா தேசத்து இளைஞர்கள் இருவர். ஒருவர் எஸ்தேபான் ஓர்தானோ. மற்றவர் ஆரி மெய்லிச். 2015-ஆம் ஆண்டில் வெறும் கட்டம் போட்ட கோலம் மாதிரி ஒரு படம் வரைந்து ஆரம்பித்தார்கள். 2017 ஆகஸ்டில் ஊருக்கென்று ஒரு நாணயம் வெளியிட்டார்கள். நாணயத்தின் பெயர் மானா. "கண்ணை மூடித் திறப்பதற்குள் விற்றுப் போயிற்று" என்று நாம் பேச்சுக்குச் சொல்வோம். அங்கே அது கிட்டத்தட்ட மெய்யாகவே நடந்தது. சுமார் 35 விநாடிகளில் 2 கோடியே 40 லட்சம் டாலர் சேர்ந்துவிட்டது!

அந்த வருஷம் டிசம்பரில் மனைகளை ஏலம் விட்டார்கள். ஊர் முழுவதும் ஒரு பெரிய சதுரம். குறுக்கே 301 மனை, நெடுக்கே 301 மனை; ஆக மொத்தம் 90,601. இன்றைய கணக்கில் ஒவ்வொரு மனையும் 16 மீட்டருக்கு 16 மீட்டர். நமக்குப் பழக்கமான அளவில் சுமார் 2,750 சதுர அடி; சென்னைக் கிரவுண்டு ஒன்றைவிடச் சற்று அதிகம். ஏலத்தில் ஒரு மனைக்கு ஆரம்பக் கேள்வி ஆயிரம் மானா.

ஏலப் பணம் எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். எரித்துவிட்டார்கள்! அதாவது, இனி யாராலும் எடுத்துச் செலவழிக்க முடியாதபடி அந்த மானாக்களைக் கணக்கிலிருந்தே அழித்துவிட்டார்கள். புழக்கத்தில் உள்ள நாணயம் குறைந்தால் மிஞ்சியதற்கு மதிப்பு கூடும் என்பது இதிலுள்ள யுக்தி. 2020 பிப்ரவரி 20-ஆம் தேதி ஊர்க் கதவைப் பொதுஜனங்களுக்குத் திறந்துவிட்டார்கள்.

சரி, இல்லாத மனைக்குப் பத்திரம் யார் பதிவது? நம் ஊரில் சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸ் இருக்கிறது. அங்கே ஆபீஸும் இல்லை, அதிகாரியும் இல்லை. ஒரு பெரிய பேரேடு இருக்கிறது. அதன் நகல் உலகமெங்கும் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் இருக்கிறது. இன்ன மனை இன்னாருக்கு என்று எழுதினால் எல்லா நகல்களிலும் அந்த வரி ஏறிவிடும். யாராவது தம்மிடமுள்ள நகலில் மட்டும் திருட்டுத்தனமாகத் திருத்தினால் மற்ற நகல்கள் ஒப்புக்கொள்ளமாட்டா. இந்தப் பேரேட்டு ஏற்பாட்டுக்குத்தான் பிளாக்செயின் என்று பெயர். டிசென்ட்ராலேண்டின் மனைகள் பதிவாகியிருப்பது எதேரியம் என்கிற பேரேட்டில். ஒவ்வொரு பதிவுக்கும் முத்திரைச் செலவு மாதிரி ஒரு கட்டணம் உண்டு. நெரிசல் கூடினால் அந்தக் கட்டணமும் கூடும். அதனால் சில்லறைச் சாமான்களின் கணக்கை மட்டும் கட்டணம் மிகக் குறைவான பாலிகான் என்ற பேரேட்டுக்குப் பிற்பாடு மாற்றிக்கொண்டார்கள்.

ராஜா இல்லாத ஊர் இது. ஊர்க் காரியங்களை ஓட்டெடுத்துத் தீர்மானிக்கிறார்கள். "ஆஹா, ஜனநாயகம்!" என்று சந்தோஷப்படுமுன் ஒரு விஷயம். ஆளுக்கு ஒரு ஓட்டு என்று அங்கே வைக்கவில்லை. ஒரு மானாவுக்கு ஒரு ஓட்டு. ஒரு மனைக்கு 2,000 ஓட்டு. நூறு மனை வைத்திருக்கிறவர் கையைத் தூக்கினால் இரண்டு லட்சம் கைகள் தூக்கின மாதிரி!

உள்ளே நுழைவோம்

விருந்தாளியாக உள்ளே போகக் காசு கொடுக்க வேண்டாம். முதலில் உங்களுக்கு ஓர் உருவம் செய்துகொள்ள வேண்டும். முகம், கூந்தல், கண்ணின் நிறம், உடை எல்லாம் நம் இஷ்டம். நிஜத்தில் முழங்கால் வலிக்காரராக இருந்தாலும் அங்கே ஓடலாம், குதிக்கலாம். ஊரிலே உங்களுக்கென்று தனிப் பெயர் பதிந்துகொள்ள வேண்டுமானால் அதற்கு மட்டும் 100 மானா கட்ட வேண்டும்.

போய் இறங்குகிற இடம் ஜெனிசிஸ் பிளாசா என்கிற மைதானம். பஸ் ஸ்டாண்டும் கோயில் பிராகாரமும் சேர்ந்த மாதிரி ஓர் இடம். அங்கிருந்து எந்த மனைக்குப் போக வேண்டுமோ அதன் எண்ணைத் தட்டினால் போதும். அடுத்த நிமிஷம் அங்கே நிற்பீர்கள். நடக்கவும் வேண்டாம், பஸ்ஸுக்குக் காத்திருக்கவும் வேண்டாம். இந்தச் சௌகரியத்தை மனசில் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் இதுதான் மனைக்காரர்களுக்கு வினையாக வந்து நிற்கப் போகிறது.

கட்டடங்களைப் பார்த்தால் பிரமிப்பாகத்தான் இருக்கும். அங்கும் கட்டட விதிகள் உண்டு. ஒற்றை மனையில் 20 மீட்டருக்கு மேல் உயரம் எழுப்பக் கூடாது. மனைகளைச் சேர்த்து வாங்கினால் கொஞ்சம் உயரம் கூட்டிக்கொள்ளலாம். செங்கல்லும் சிமெண்டும் வேண்டாமென்றாலும் கொத்தனார் வேண்டும். கம்ப்யூட்டரில் வரைந்து கட்டுகிற கொத்தனார். இந்தத் தொழில் தெரிந்த கலைஞர்களுக்கு 2021-லும் 2022-லும் நல்ல கிராக்கி இருந்தது. பெரிய கம்பெனிகள் அவர்களைக் கூப்பிட்டுக் கூலி கொடுத்துக் கடை கட்டிக்கொண்டன.

கடைவீதி உலா

அந்த இரண்டு வருஷத்தில் கடைவீதிக்கு யார் யார் வந்தார்கள் தெரியுமா? ஏலக் கம்பெனியான சோத்பீஸ், 2021 ஜூனில், லண்டன் நியூ பாண்ட் தெருவிலுள்ள தன் கட்டடத்தை அச்சாக அங்கே எழுப்பிற்று. சாம்சங் கம்பெனி 2022 ஜனவரியில் தன் நியூயார்க் கடையின் பிரதியைத் திறந்தது. அதே வருஷம் பிப்ரவரியில் அமெரிக்காவின் ஜே.பி. மார்கன் பாங்கி அங்கே ஒரு வரவேற்பு மண்டபம் அமைத்தது. அதற்குள் ஒரு புலி உலாவிக்கொண்டிருந்தது! பாங்கியில் கடன் கேட்கப் போகிறவர்களுக்குப் புலி புதிதல்ல என்று நினைத்தார்களோ என்னவோ. பார்படோஸ் தீவு அங்கே தூதரகம் திறப்பதற்கு 2021 நவம்பரில் ஒப்பந்தம் செய்துகொண்டது.

அந்தப் பாங்கி மண்டபம் இருந்த அங்காடிக்கு மெட்டாஜுக்கு என்று பெயர். டோக்கியோ நகரின் ஹராஜுக்கு கடைவீதியைப் பார்த்துக் கட்டியது. கட்டியவர்கள் ரிபப்ளிக் ரெல்ம் என்ற கம்பெனியார். 2021 ஜூனில் 259 மனைகளைச் சுமார் 9 லட்சத்து 13 ஆயிரம் டாலருக்கு வளைத்துப் போட்டவர்கள் அவர்கள். கடை கட்டி வாடகைக்கு விடுவது அவர்கள் யோசனை.

அதையும் மிஞ்சியது அதே வருஷம் நவம்பர் மாதம் நடந்த ஒரு கிரயம். மெட்டாவர்ஸ் குரூப் என்ற கம்பெனி, ஆடை அலங்கார வீதியில் 116 மனைகளை 6,18,000 மானா கொடுத்து வாங்கிற்று. அன்றைய விலையில் அது 24 லட்சம் டாலருக்கு மேல்! அவசரத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அதற்கு முந்தின மாதம், அக்டோபர் 28-ஆம் தேதி, பேஸ்புக் கம்பெனி தன் பெயரை மெட்டா என்று மாற்றிக்கொண்டு, இனி எதிர்காலமே இப்படிப்பட்ட திரை உலகங்களில்தான் என்று அறிவித்திருந்தது. கேட்க வேண்டுமா? மானாவின் விலை நவம்பர் கடைசியில் ஆறு டாலரை நெருங்கிற்று.

அந்த அலங்கார வீதிக்கு ஒரு திருவிழாவும் வந்தது. 2022 மார்ச் 24 முதல் 27 வரை ஆடை அலங்கார வாரம் கொண்டாடினார்கள். டோல்சே அண்ட் கபானா, எட்ரோ, டாமி ஹில்ஃபிகர் போன்ற பெயர் பெற்ற கம்பெனிகள் வந்தன. டோல்சே அண்ட் கபானாவின் மேடையில் பூனைத் தலையுள்ள அழகிகள் நடை பயின்றார்கள். எஸ்டே லாடர் கம்பெனி தன் முகப்பூச்சுப் புட்டியை ஆளுயரத்துக்கு மேல் நிறுத்தி வைத்தது. அதற்குள் நுழைந்து வந்தால் உங்கள் உருவத்தைச் சுற்றிப் பொன்னொளி வீசும். இலவசம்! அந்த வாரத்தில் ஒரு லட்சத்து எட்டாயிரம் பேர் வந்ததாகக் கணக்குச் சொன்னார்கள். அடுத்த ஆண்டு, 2023-ல், அதே திருவிழாவுக்கு வந்தவர்கள் 26 ஆயிரம் பேர்.

சட்டையை வாரத்துக்கு விட்டவர்கள்

சூதாட்ட வீதி ஒன்றும் அங்கே உண்டு. டிசென்ட்ரல் கேம்ஸ் என்ற கம்பெனி சீட்டாட்ட மண்டபங்கள் கட்டியது. 2021 கடைசியில் அவர்கள் கொண்டுவந்த ஆட்டத்துக்கு ஐஸ் போக்கர் என்று பெயர். அதில் ஒரு விசித்திரம். ஆட்டத்துக்கான வில்லைகளை நாள்தோறும் சும்மா கொடுப்பார்கள். ஆனால் மேஜையில் உட்கார வேண்டுமானால் அவர்கள் விற்கிற சட்டையையோ தொப்பியையோ அணிந்திருக்க வேண்டும். உச்சக் கட்டத்தில் அந்த உடுப்பு ஒன்றின் விலை ஆயிரக்கணக்கான டாலர்.

அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது? அதற்கும் வழி கண்டார்கள். உடுப்பு வைத்திருக்கிறவர், இல்லாதவருக்கு அதை இரவல் தருவார். இரவல் வாங்கினவர் ஆடிச் சம்பாதித்ததில் இருவருக்கும் பங்கு. நிலத்தை வாரத்துக்கு விடுவதைக் கேட்டிருக்கிறோம். சட்டையை வாரத்துக்கு விடுவது இந்த ஊரில்தான்!

ஆனால் இந்த வாரக் குத்தகையில் ஒரு சிக்கல் இருந்தது. நிலத்தில் விளைந்தது நெல். அதை யாரும் சாப்பிடலாம். இங்கே விளைந்தது ஐஸ் என்கிற இன்னொரு நாணயம். அதை முக்கியமாக வாங்கினவர்கள், மேலும் உயர்ந்த சட்டை வேண்டுமென்று நினைத்த ஆட்டக்காரர்களே. புது ஆட்டக்காரர் வரவு குறைந்ததும் நாணயத்தை வாங்க ஆளில்லை. பெயருக்கேற்ப, 2022-ல் ஐஸ் உருகிவிட்டது. சட்டை வாங்கினவருக்கும் நஷ்டம். இரவலில் ஆடினவருக்கும் கூலி போயிற்று.

தையல்காரர் தெரு

இத்தனை ஆர்ப்பாட்டத்துக்கும் நடுவே சத்தமில்லாமல் ஒரு தொழில் நடந்துகொண்டிருக்கிறது. அதைப் பார்க்காமல் போனால் ஊரைப் பார்த்ததாகாது.

ஊருக்கு வருகிறவர்களுக்கு உருவம் இருக்கிறதல்லவா? உருவத்துக்கு உடுப்பு வேண்டும். ஊர் இனாமாகத் தருகிற உடுப்பு எல்லோருக்கும் ஒரே மாதிரி. அக்கம்பக்கத்தில் யாரும் அணியாத ஒன்றை அணிய ஆசைப்படுவது மனித சுபாவம். திரைக்குள் போனாலும் அது போகாது. ஆகவே, மேல்சட்டை, பாவாடை, மூக்குக் கண்ணாடி, இறக்கை, கிரீடம் என்று கம்ப்யூட்டரில் வரைந்து செய்கிறவர்கள் கிளம்பினார்கள். 2021 முதல் யார் வேண்டுமானாலும் செய்து விற்கலாம் என்று ஊர் அனுமதி கொடுத்தது. கட்டணம் கட்டிச் சமர்ப்பிக்க வேண்டும். ஒரு குழு பார்த்து, "சரி" என்றால் கடைக்கு வரும்.

எத்தனை உருப்படி என்பதை முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். உலகத்துக்கே ஒன்று, பத்து, நூறு, ஆயிரம் என்று வகை பிரித்திருக்கிறார்கள். நூறு என்று சொல்லிவிட்டால் நூற்றொன்றாவது உருப்படி கிடையாது; பேரேடு விடாது. பட்டுப்புடவைக் கடையில், "இந்த டிஸைன் ஒன்றுதானம்மா!" என்று சொன்னால் நம்பலாமா கூடாதா என்று யோசிக்கிறோமே, அந்தச் சந்தேகம் இங்கே இல்லை. விற்ற உடுப்பை வாங்கினவர் பின்னால் இன்னொருவருக்கு விற்றால், அதிலும் செய்தவருக்கு ஒரு சிறு பங்கு வரும்படி 2022-ல் ஏற்பாடு செய்தார்கள். 'என் கையால் நெய்த புடவை கை மாறும்போதெல்லாம் எனக்கும் நாலணா வரும்' என்று நம் நெசவாளி ஒருவர் சொல்லிக்கொள்ள முடியுமா?

இவர்களுக்கு மனை வேண்டியதில்லை. மண்டபம் வேண்டியதில்லை. கற்பனையும் கைப்பழக்கமும் பொறுமையும்தான் மூலதனம். உடையோடு நிற்காமல், உருவங்கள் ஆடுவதற்கான நடன அசைவுகளையும் செய்து விற்கிறார்கள்.

ஊர்க் கணக்கு

2022 அக்டோபரில் ஒரு கலகம் கிளம்பிற்று. இத்தகைய ஊர்களைக் கணக்கெடுக்கிற டாப்ரேடார் என்ற நிறுவனத்தின் பட்டியலில், ஒரு நாளில் டிசென்ட்ராலேண்டில் வரவு செலவு செய்தவர்கள் 38 பேர் என்று இருந்தது. நூறு கோடி டாலருக்கு மேல் மதிப்புப் போட்டிருந்த ஊரில் 38 பேரா! உலகப் பத்திரிகைகள் எல்லாம் கொட்டை எழுத்தில் போட்டுச் சிரித்தன.

ஊர்க்காரர்கள் விடவில்லை. "அது பேரேட்டில் கை வைத்தவர்களின் கணக்கு, அதிலும் அரைகுறை. தினம் சுமார் எட்டாயிரம் பேர் வந்து போகிறார்கள்" என்று மறுத்துவிட்டு, செப்டம்பர் மாதக் கணக்கை வெளியிட்டார்கள். நியாயமாக அந்தக் கணக்கையே நாமும் எடுத்துக்கொள்வோம். அந்த மாதம் ஊருக்கு வந்தவர்கள் 56,697 பேர். அவர்களில் பேரேட்டில் பதியும்படியாக ஏதாவது கொடுக்கல் வாங்கல் செய்தவர்கள் 1,074 பேர். விற்ற உடுப்புகள் 6,315. மறுவிற்பனைப் பங்கு பெற்ற கலைஞர்கள் 300 பேர்.

இல்லத்தரசிகளுக்குக் கணக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. வந்தவர்களில் நூற்றுக்கு இரண்டு பேர்கூடப் பணப்பையைத் திறக்கவில்லை. ஊரிலோ தொண்ணூறாயிரம் மனை! திறந்த பையிலிருந்து பணம் எங்கே போயிற்று என்று பார்த்தால், ஓரளவு தையல்காரர் தெருவுக்குப் போயிருக்கிறது. லட்சக்கணக்கான டாலர் போட்டு வாங்கிய வீதிகளில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே ஈயும் கிடையாது என்பது வேறு விஷயம்.

மானாவின் விலையும் சரிந்தது. 2022 முடிவில் ஒரு மானா அரை டாலருக்கும் கீழே வந்துவிட்டது. அலங்கார வீதிக்குக் கொடுத்தார்களே 6,18,000 மானா, அதை மானாவாகவே பெட்டியில் வைத்திருந்தால்கூட அப்போது இரண்டு லட்சம் டாலர் தேறியிருக்காது.

முச்சந்தி இல்லாத ஊர்

மனைக்காரர்கள் கணக்குத் தப்பியது எங்கே? நம் ரங்கநாதன் தெருவில் ஒரு சின்னக் கடைக்கு ஏன் அத்தனை வாடகை? மாம்பலம் ஸ்டேஷனில் இறங்குகிற ஜனம் அந்த வழியாக நடந்துதான் ஆக வேண்டும். நடக்கிற வழியில் ஒரு வாளி, ஒரு ரவிக்கைத் துண்டு, ஒரு முழம் பூ என்று வாங்குகிறோம். வாங்க வேண்டுமென்று புறப்பட்டதில்லை. வழியில் கண்ணில் பட்டது, வாங்கினோம். இடத்துக்கு விலை வருவது வழிப்போக்கர்களால்.

டிசென்ட்ராலேண்டிலோ வழியே கிடையாது! எண்ணைத் தட்டினால் போய் இறங்கலாம் என்றோமே, அதுதான் வினை. யாரும் யார் கடை வாசலையும் கடந்து போக வேண்டாம். மைதானத்துக்குப் பக்கத்து மனைக்குக் கொஞ்சம் மதிப்பு உண்டு என்றாலும், முச்சந்தி மனையும் மூலை மனையும் ஏறக்குறைய ஒன்றுதான்.

இன்னொரு காரணமும் உண்டு. ஊரில் மனை 90,601-தான், அதற்கு மேல் வராது என்பது நிஜம். ஆனால் பக்கத்தில் வேறொரு ஊர் எழுப்ப யார் தடை? தி சேண்ட்பாக்ஸ் என்று இன்னொரு பட்டணம் கிளம்பி 1,66,464 மனைகளைப் போட்டது. போதாததற்கு டிசென்ட்ராலேண்டே 2023-ல், ஊரில் பெயர் பதிந்தவர்களுக்கெல்லாம் மனை இல்லாமலே தனி இடம் கட்டிக்கொள்ள வசதி செய்து கொடுத்தது. நூறு மானாவில் பெயர் வாங்கினவருக்கும் கடை போட இடம் வந்துவிட்டது. ஜனங்களுக்கு நல்லது, மனைக்காரர்களுக்கு அடி.

மூத்த பட்டணம் ஒன்று

"அப்படியானால் திரைக்குள் நில வியாபாரம் என்றாலே மோசமா?" என்று கேட்கலாம். அப்படியும் சொல்ல முடியாது. ஸான்பிரான்ஸிஸ்கோ நகரத்து லிண்டன் லேப் கம்பெனி 2003-ல் திறந்த செகண்ட் லைஃப் என்ற மூத்த பட்டணம் ஒன்று உண்டு. அங்கே பிளாக்செயின் பேரேடு கிடையாது, கம்பெனியே ராஜா.

அந்தப் பட்டணத்தில் ஐலின் கிரேஃப் என்ற பெண்மணி வியாபாரம் செய்தார். சீனாவில் பிறந்து ஜெர்மனியில் குடியேறியவர். பட்டணத்துக்குள் அவருக்கு ஆன்ஷே சுங் என்று பெயர். பத்து டாலருக்கும் குறைவான முதலோடு நுழைந்தார். கம்பெனியிடம் நிலத்தை மொத்தமாக வாங்கி, மேடு பள்ளம் திருத்தி, மரம் வைத்து, ஆற்றங்கரையும் தோட்டமுமாக அழகுபடுத்தி, குடியிருக்க வந்தவர்களுக்குச் சின்னச் சின்னதாக விற்றார், வாடகைக்கும் விட்டார். 2006 மே மாதம் அமெரிக்காவின் பிஸினஸ் வீக் பத்திரிகை அவருடைய உருவத்தை அட்டையில் போட்டது. அதே வருஷம் நவம்பரில், அவருடைய சொத்து பத்து லட்சம் டாலரைத் தாண்டிவிட்டதாக அறிவிப்பு வந்தது.

இரண்டு ஊருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். அவரிடம் நிலம் வாங்கினவர்கள் அங்கே மாலைதோறும் வந்து உட்கார்ந்து பேசினார்கள், வீட்டுக்குத் திரை மாட்டினார்கள், சிநேகிதர்களை அழைத்தார்கள். குடியிருக்க வந்தவர்களுக்குத்தான் அவர் விற்றார். டிசென்ட்ராலேண்டில் மனை வாங்கினவர்களில் பலர் குடியிருக்க வரவில்லை. அடுத்தவருக்கு அதிக விலைக்குத் தள்ள வந்தார்கள். அந்த அடுத்தவரும் அதே எண்ணத்தோடுதான் வந்தார்.

வீட்டுக்கு வரும் பேச்சு

நாளைக்கு உங்கள் பிள்ளையோ, மருமகனோ, தம்பியோ, "திரை உலகத்தில் ஒரு மனை வருகிறது, நகையை வைத்தாவது வாங்கிப் போடலாம்" என்று வந்து நிற்கலாம். கோபிக்க வேண்டாம், பரிகாசமும் வேண்டாம். காப்பி கொடுத்து உட்கார வைத்து மூன்று கேள்வி கேளுங்கள்.

"அந்த ஊருக்குத் தினம் யார் வருகிறார்கள்? வந்து என்ன வாங்குகிறார்கள்?" இது முதல் கேள்வி. "விலை ஏறும்" என்று பதில் வந்தால் அது பதில் அல்ல. கேள்வியை மறுபடியும் கேளுங்கள்.

"சாவி யாரிடம்?" இது இரண்டாவது. பேரேட்டுச் சொத்துக்குச் சாவி, பெரும்பாலும் பன்னிரண்டு சொற்கள் கொண்ட ஒரு வரிசை. அதைத் தொலைத்துவிட்டால் சொத்து போனதுதான். வேறொருவர் தெரிந்துகொண்டால் அவருடையது. பத்திர நகலுக்கு மனுப் போட ஆபீஸ் இல்லை. புகார் வாங்க மானேஜரும் இல்லை. "வெகுமதி தருகிறோம், அந்தச் சொற்களைச் சொல்லுங்கள்" என்று கேட்கிறவர் யாராயிருந்தாலும் திருடரே.

"வரி போக என்ன நிற்கும்?" இது மூன்றாவது. நம் சர்க்கார் 2022 ஏப்ரல் முதல் இத்தகைய சொத்துக்களின் லாபத்துக்கு 30 சதவீத வரி விதித்தது. ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றில் வந்த லாபத்தில் கழித்துக்கொள்ளவும் வழி வைக்கவில்லை.

வீட்டில் படம் போடுகிற பெண் இருந்து, "அந்த ஊருக்கு ஒரு சட்டை செய்து பார்க்கிறேன்" என்றால் சங்கதி வேறு. அவளுக்கும் இதே மூன்று கேள்விகள்தான். ஆனால் முதல் கேள்விக்கு அவளால் பதில் சொல்ல முடியும். விற்காமல் போனால் கட்டணமும் சில நாள் உழைப்பும் போகும். தொழில் கைவசம் நிற்கும். நகைப்பெட்டியைத் திறக்க வேண்டி வராது.

ஊரைப் பார்க்க ஆசையாயிருந்தால் விருந்தாளியாகத் தாராளமாகப் போய் வாருங்கள். மைதானத்தில் நில்லுங்கள், இறக்கை கட்டினவர்களையும் பூனை முகத்தவர்களையும் பார்த்துச் சிரியுங்கள். நல்ல சட்டை அணிந்து யாராவது வந்தால், செய்தவர் யாரென்று விசாரியுங்கள். அவர் மகிழ்ந்து போவார். மனை புரோக்கர் எதிரே வந்தால் மட்டும் நின்று பேச வேண்டாம். வேறோர் எண்ணைத் தட்டிவிட்டு மறைந்துவிடுங்கள். நம் ஊரில் இல்லாத அந்தச் சௌகரியம், நல்லவேளையாக, அங்கே இருக்கிறது.